மூன்றாம் பக்கத்துக்கு வந்த பஸ்

கடுக்காப்பட்டுக்கு பஸ் வந்தது ஒரு வியாழக்கிழமை காலையில், ‘தகடூர் சங்கநாதம்’ நாளிதழின் மூன்றாம் பக்கத்தில், நான்கு பத்தி அகலத்துக்கு. அதற்கு முன்னும் வந்ததில்லை, அன்றும் ஊருக்குள் வரவில்லை.

சித்தேரி மலைமேல் ஏறி, சித்தேரியிலிருந்தும் இன்னும் ஆறு கிலோமீட்டர் போனால் கடுக்காப்பட்டு. நாற்பத்திரண்டு வீடுகள். சாமையோ புளியோ, காய்ச்சலில் கிடக்கும் ஆளோ, எதுவானாலும் தோளிலும் தலையிலும் சித்தேரிவரை வந்த பிறகே சக்கரத்தைப் பார்க்கும். அந்த ஊரைப் பற்றிச் சங்கநாதம் இப்படி எழுதியிருந்தது: “மலைமக்களின் அறுபதாண்டுக் கனவு நனவானது. புதிய பஸ்ஸைப் பொதுமக்கள் மலர் தூவி, ஆரத்தி எடுத்து வரவேற்றனர். ‘இனி எங்களுக்கு விடிவுகாலம்தான்’ என்று குள்ளம்மாள் (47) ஆனந்தக் கண்ணீர் மல்கக் கூறினார்.”

கண்ணீர் மல்கியதாகச் சொல்லப்பட்ட நேரத்தில் குள்ளம்மாள் ஊர் முகப்பில் வேங்கைமரத்து வளைவில் ஆரத்தித் தட்டோடு நின்று, வராத பஸ்ஸைப் பெற்றவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். பேர்தான் குள்ளம்மாள். டவுன் பஸ்ஸில் ஏறினால் தலையைச் சாய்த்துத்தான் நிற்க வேண்டும். இருட்டிய பிறகு ஆரத்தித் தண்ணீரைப் பூசணிக்கொடிக்கு ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

நடந்தது இவ்வளவுதான். திறந்துவைக்க வந்த பிரமுகர் சித்தேரியிலேயே ரிப்பனை வெட்டினார். மாலை வாங்கினார். அரூரில் ஒரு காதுகுத்து இருந்ததால் கீழே இறங்கிவிட்டார். அவர் காருக்குப் பின்னாலேயே பஸ்ஸும் இறங்கிவிட்டது. வழிமறித்துக் கேட்டவர்களிடம் டிரைவர், “எனக்கு ஆர்டர் ரிப்பன் வரைக்கும்தாங்க” என்றாராம்.

அரூர் நிருபர் மதியழகனை மட்டும் இதில் குறை சொல்ல முடியாது. சங்கநாதத்தின் மாவட்டப் பக்கம் மதியம் மூன்று மணிக்கு முடிந்துவிடும். பிரமுகர்களோ நான்கு மணிக்கு முன்னால் எந்த விழாவுக்கும் வருவதில்லை. ஆகவே நடக்கப்போவதை நடந்ததாக எழுதி, முற்பகலிலேயே அனுப்பிவிடுவது தொழில் வழக்கம். ‘திரளானோர் கலந்துகொண்டனர்’ என்று எழுதத் திரளானோர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. படத்துக்கு, போன வருஷம் தீர்த்தமலைத் தேருக்குப் போன கூட்டம் ஒரு பஸ்ஸைச் சூழ்ந்து நின்ற படம் இருந்தது. குள்ளம்மாளின் பேரும் வயதும், பஸ் கேட்டு அவள் கொடுத்த பழைய மனு ஒன்றைப் பற்றி எழுதியபோது குறித்துவைத்தவை. கண்ணீர் மட்டும் மதியழகனின் சொந்தச் சரக்கு. பன்னிரண்டு வருஷமாக எல்லா விழாக்களும் அவனுடைய செய்திக்குக் கட்டுப்பட்டே நடந்து வந்தன. இந்த ஒரு பஸ்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

கடுக்காப்பட்டுக்கு எந்தப் பேப்பரும் வராது. அதனால் தங்கள் ஊருக்கு பஸ் வந்துவிட்ட சங்கதி ஊராருக்குத் தெரியாது. பத்து நாள் பொறுத்த குள்ளம்மாள், “வந்த வண்டி ஏன் பாதியில திரும்புச்சு?” என்று கேட்க அரூர் மனு அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு அடுத்த வீட்டுத் தீர்த்தகிரி. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர், ஆனால் கூட வரச் சொன்னால் மறுக்காமல் வருகிறவர்.

மனுப் பிரிவு எழுத்தர் தெரசா ஃபைலைப் புரட்டினாள்.

“உங்க மனு முடிஞ்சிருச்சுங்களே அக்கா.”

“முடிஞ்சிருச்சா? அப்ப பஸ் எங்க?”

தெரசா ஃபைலைத் திருப்பிக் காட்டினாள். மேல் தாளில் சங்கநாதத்தின் செய்தி, பசை போட்டு, நாலு மூலையும் நேராக ஒட்டப்பட்டிருந்தது. கீழே சிவப்பு மையில் ‘கோரிக்கை நிறைவேறியது. நாளிதழ் ஆதாரம் இணைப்பில்.’

“பேப்பர்லயே வந்திருக்குதுங்களே.”

“பேப்பர்ல வந்தா? நான் பேப்பர் மேலயா சாமை மூட்டைய ஏத்திக்கிட்டுப் போறது?”

“கோவிச்சுக்காதீங்க. வரலன்னு நான் எழுதணும்னா நான் வந்து பாக்கணும். நான் வந்து பாக்கணும்னா உங்கூருக்கு பஸ் இருக்கணும்.” அதைச் சொன்ன பிறகுதான் தெரசாவுக்கே அது காதில் விழுந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள். “நெசமாவே சொல்றன் அக்கா. டிப்போவுல மிச்சம் இருக்கறது ஒரே ஒரு சின்ன வண்டி. மாசக் கடைசியில எந்த ஊருக்குன்னு முடிவு பண்ணிருவாங்க. உங்க ஃபைலு மூடியே கெடந்தா அது வேற ஊருக்குப் போயிரும். அப்புறம் எத்தனை வருசமோ. அதே பேப்பர்ல, பஸ் வரலன்னு ஒரு வரி வரட்டும். வெட்டிக் கொண்டாங்க. இது மேலயே ஒட்டி ஃபைலத் தொறந்துடறன்.”

“ஒரு வரிதான?” என்றாள் குள்ளம்மாள்.

“ஒரே வரி.”

மாசக் கடைசிக்குப் பதினேழு நாள் இருந்தது.

சங்கநாதத்தின் தலைமை அலுவலகம் தருமபுரியில், ஒரு நகை அடகுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. படியேறியதும் ஒரு பளிங்குக் கல். ‘பிழையற்ற இருபத்தைந்து ஆண்டுகள். இதுவரை ஒரு திருத்தம்கூட வெளியிடாத ஒரே நாளிதழ்.’ பிழையே செய்யாததால் திருத்தம் வரவில்லையா, திருத்தமே போடாததால் பிழை இல்லையா என்று கல்லில் விளக்கம் இல்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் ஆசிரியர், உரிமையாளர், நிறுவனர், செய்திச் செம்மல் டாக்டர் இளம்பரிதி. டாக்டர் பட்டத்தை எந்த ஊர்ப் பல்கலைக்கழகம் கொடுத்தது என்று அவரே ஒருமுறை தேடிப்பார்த்து, வரைபடத்தில் கிடைக்காமல் விட்டுவிட்டார். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு வலம்புரிச் சங்கு, கண்ணாடிப் பெட்டிக்குள். அதை யாரும் ஊதியதில்லை.

அவர் இருவரையும் அன்பாகவே வரவேற்றார். வாசகர்கள்தான் தம் எஜமானர்கள் என்றார். எஜமானர்களை நிற்கவைத்தே ஒரு படிவத்தை நீட்டினார். ‘வாசகர் குறைகேட்பு மன்றம்’ என்று தலைப்பு. ஏழாவது கட்டத்தில், ‘பிழை என்பதற்கான புகைப்பட ஆதாரம்’.

“பஸ் வராததுக்கு போட்டோ வச்சிருக்கீங்களாம்மா?”

குள்ளம்மாள் செல்போனை நீட்டினாள். வேங்கைமரத்து வளைவு. மண் போட்டு அகலமாக்கிய பாதை. பாதையில் ஓர் ஆடு.

இளம்பரிதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “இது பஸ் போனதுக்கு அப்புறம் எடுத்ததா இருக்கலாமே?”

“சக்கரத் தடம் இருக்குதா பாருங்க.”

“ஆடு அழிச்சிருக்கும்.” படிவத்தை மடித்தார். “அம்மா, நாங்க எதையும் சரிபார்க்காமப் போடறதில்ல. உங்க புகார் வந்ததும் எங்க கோப்பை எடுத்துப் பார்த்துட்டேன். பஸ் வந்ததாத்தான் இருக்குது.”

“எந்தக் கோப்புலங்க?”

“எங்க பேப்பர் கோப்புலதான். அந்த வியாழக்கிழமைப் பேப்பர்ல.”

தீர்த்தகிரி தலையாட்டினார். ஆதாரம் என்றால் அவருக்கு மரியாதை உண்டு.

“நான் அழுதன்னு போட்டிருக்கீங்க,” என்றாள் குள்ளம்மாள். “எங்கூட்டுக்காரரு செத்தன்னிக்கே நான் ஊரு பாக்க அழுவல. உங்க பஸ்ஸுக்கா அழுதன்?”

“மனசுக்குள்ள அழுதிருப்பீங்கம்மா. அதை எடுத்து எழுதறதுதான் பத்திரிகை.”

“மனசுக்குள்ள உங்களத் திட்டிக்கிட்டு இருந்தன். அதையும் எடுத்து எழுதுங்களேன்.”

செய்திச் செம்மல் சிரித்தார். கோபம் வந்தால் சிரிப்பது அவர் வழக்கம். மேசைமேல் சாய்ந்து, பெரிய மனதோடு ஒரு வழி சொன்னார். திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் புதுச் செய்தி ஒன்று போடலாம். ‘கடுக்காப்பட்டு பஸ் திடீர் நிறுத்தம்: மலைமக்கள் கடும் அவதி.’ நாலு பத்தி. குள்ளம்மாள் படத்தோடு. அடுத்த வாரம் பஸ் விட்டுவிட்டால் ‘சங்கநாதம் செய்தி எதிரொலி’ என்று முதல் பக்கத்தில் ஒரு பெட்டி. “உங்களுக்கு பஸ்ஸும் ஆச்சு, எங்களுக்குப் பேரும் ஆச்சு. யாருக்கும் நட்டமில்ல.”

தீர்த்தகிரியின் தலை ஆடத் தொடங்கியது. “நல்ல ரோசனைதானே குள்ளா. நின்னுபோச்சுன்னு போட்டா என்னா, வரவே இல்லன்னு போட்டா என்னா? வண்டி வந்தாப் போதாதா?”

“தலையக் கொஞ்சம் நிறுத்து மாமா.” குள்ளம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். “நின்னுபோச்சுன்னு போட்டா, டிப்போக்காரன் ஏன் நின்னுச்சுன்னு கேப்பான். வசூல் இல்ல, ஆளு ஏறலன்னு இவனுங்களே ஒன்னு எழுதிக்குவானுங்க. ஒரு ஊருக்கு பஸ்ஸு வந்து, ஆளில்லாம நின்னுபோச்சுன்னு ஒருக்கா எழுதிட்டா, அப்புறம் நம்ம பேரப்புள்ளைங்க காலத்துக்கும் அந்த ஊருக்கு பஸ்ஸு வராது. வராத பஸ்ஸுல ஏறலன்னு நம்மளயே குத்தவாளி ஆக்கிருவானுங்க.” ஆசிரியரைப் பார்த்தாள். “வரலன்னு போடுங்க. ஒரு வரி.”

“திருத்தம் போட்டா, இருபத்தஞ்சு வருசம் நாங்க எழுதுன ஒவ்வொரு வரியவும் ஜனங்க சந்தேகப்படுவாங்கம்மா.”

“இப்ப என்னா நம்பிக்கிட்டா இருக்காங்க?”

செய்திச் செம்மல் சிரிக்கவில்லை. மணியை அடித்தார்.

படியிறங்கும்போது குள்ளம்மாள் பளிங்குக் கல் முன்னால் நின்று, அதை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தாள். “கல்லுல வேற அடிச்சு வச்சிருக்கான்” என்றாள்.

சித்தேரி பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் இருவரும் அரூரில் பச்சியப்பன் கடையில் ஒதுங்கினார்கள். பச்சியப்பன் ஜெராக்ஸ் போடுவார், போட்டோவுக்குச் சட்டம் அடிப்பார், சங்கநாதத்துக்கு விளம்பரமும் பிடிப்பார். மூன்றும் ஒரே சாவுக்கு உதவும் என்பதால் சேர்த்தே வைத்திருந்தார். கடைச் சுவர் நிறைய கண்ணீர் அஞ்சலி மாதிரிகள் தொங்கின. கறுப்புக் கட்டம், நடுவில் படம், இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு.

குள்ளம்மாள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இதுல என்னா எழுதிக் குடுத்தாலும் போடுவாங்களா அண்ணா?”

“என்னா வேணும்னாலும் போடலாம்மா. செய்தியிலதான் அவங்க இஷ்டம். விளம்பரத்துல நம்ம இஷ்டம்.” ஒரு பழைய சங்கநாதத்தை எடுத்து அடிவரியைக் காட்டினார். ‘விளம்பரங்களின் உண்மைத்தன்மைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ “பாத்தீங்களா? மொத்தப் பேப்பர்லயும் நெசமா இருக்கற வரி இது ஒன்னுதான். அங்க விளம்பரப் பிரிவுல இருக்கறவன் நீளம் அகலம் மட்டும் அளப்பான். படிக்க மாட்டான். படிச்சா தூக்கம் வராதாம். யாருங்க தவறிட்டாங்க?”

“பஸ்ஸு.”

பச்சியப்பன் பேனாவைக் கீழே வைத்தார். முழுக் கதையையும் கேட்டார். பிறகு பேனாவை எடுத்தார். சங்கநாதம் அவருக்குக் கமிஷன் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

“பேரு?”

“கடுக்காப்பட்டு பஸ்.”

“தோற்றம்?”

“அந்த வியாழக்கிழமை. மூனாம் பக்கம்.”

“மறைவு?”

“அதே வியாழக்கிழமை. அதே மூனாம் பக்கம்.”

“பச்சப்புள்ள,” என்றார் பச்சியப்பன் வருத்தத்தோடு. “போட்டோ?”

குள்ளம்மாள் செல்போனை நீட்டினாள். வளைவு, பாதை, ஆடு.

“ஆட்டை வெட்டிரட்டுமா?”

“இருக்கட்டும். அன்னிக்கு வரவேற்க வந்தது அதுவும்தான்.”

தீர்த்தகிரி வாயைத் திறந்தார். “வரலன்னு தெளிவா எழுதணும் குள்ளா. அந்த ஆபீசுப் புள்ள கேட்டது அதத்தான.” வாழ்நாளில் அவர் தலையாட்டாமல் சொன்ன முதல் கருத்து அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கநாதத்தின் ஒன்பதாம் பக்கத்தில், ஒரு ரைஸ்மில் அதிபருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் நடுவில், கால் பக்க அளவுக்குக் கறுப்புக் கட்டம் கட்டி வந்தது:

“கண்ணீர் அஞ்சலி. சித்தேரி மலை கடுக்காப்பட்டுக்கு வந்ததாக இந்தப் பேப்பரின் மூன்றாம் பக்கத்தில் தோன்றி, அங்கேயே மறைந்த எங்கள் அன்பு பஸ்ஸே! நீ ஒருநாளும் எங்கள் ஊருக்கு வரவில்லை. ஒரு சக்கரத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. ஆரத்தித் தண்ணீரைப் பூசணிக்கொடி குடித்தது. உனக்காக நான் அழுததாக எழுதியிருப்பதும் பொய். இவண்: குள்ளம்மாள் (47 அல்ல, 52), ஊர்ப் பொதுமக்கள், கடுக்காப்பட்டு.”

செம்மல் தம் பேப்பரைப் படிப்பதில்லை. காலை ஒன்பது மணிக்கு ரைஸ்மில் அதிபரின் மகன் போன் பண்ணி, “எங்கப்பா பக்கத்துல யாருங்க அந்த பஸ்ஸு?” என்று கேட்ட பிறகே எடுத்துப் பார்த்தார். அடுத்த போன் குள்ளம்மாளுக்கு. சித்தேரி டவர் காற்றடித்தால் பேசும், நின்றால் நின்றுவிடும். அன்று நல்ல காற்று.

“மானநட்ட வழக்குப் போடுவேன், தெரியுமாம்மா?”

“போடுங்கய்யா. எது பொய்னு போடுவீங்க?”

“பத்திரிகையை அவமானப்படுத்திட்டீங்க!”

“போட்டது உங்க பத்திரிகைங்க. நான் ரசீதுகூட வச்சிருக்கறன். கோர்ட்டுல பஸ் வந்துச்சுன்னு நீங்கதான் காட்டணும். போட்டோ வச்சிருக்கீங்களா? சக்கரத் தடம் இருந்தாலும் கொண்டாங்க. ஆடு அழிச்சிருச்சுன்னு சொல்லக்கூடாது.”

காற்று நின்றது.

செம்மல் பச்சியப்பனைக் கூப்பிட்டுக் கத்தினார். இனி இப்படி ஒரு விளம்பரமும் வரக்கூடாது என்றார். பச்சியப்பன் பணிவாக, “சரிங்கய்யா. கையில இன்னும் ஆறு இருக்குதுங்க, திருப்பிக் குடுத்துடறன்” என்றார். “ஆறா? எத்தனை சென்டிமீட்டர்?” என்றார் செம்மல்.

அந்த வாரத்தில் மாவட்டம் முழுக்கத் துக்கம். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி காலமானது. தோற்றம், இரண்டு வருஷத்துக்கு முந்திய சங்கநாதம், ஐந்தாம் பக்கம். ஒரு சமுதாயக் கூடம், பதினோரு தெருவிளக்குகள், ஒரு கால்நடை மருத்துவர் என்று வரிசையாக மறைந்தார்கள். எல்லாரும் சங்கநாதத்தில் பிறந்து, அதைத் தாண்டி வெளியே வராதவர்கள். டீக்கடைகளில் ஜனங்கள் பேப்பரைப் பின்னாலிருந்து புரட்டி, “இன்னிக்கு எது செத்துச்சு?” என்று கேட்கத் தொடங்கினார்கள். இருபத்தைந்து வருஷமாக ஒரு திருத்தமும் போடாத பத்திரிகை, இப்போது தினம் அரைப் பக்கம் போட்டது. காசு வாங்கிக்கொண்டு போட்டதால் அதைத் திருத்தம் என்று செம்மல் ஒப்புக்கொள்ளவில்லை. பளிங்குக் கல்லும் அப்படியே இருந்தது.

அஞ்சலி வந்த மறுநாள், திங்கட்கிழமை, குள்ளம்மாள் கறுப்புக் கட்டத்தை வெட்டி எடுத்துக்கொண்டு மனு அலுவலகத்துக்குப் போனாள். தெரசா இரண்டு முறை படித்தாள். இரண்டாவது முறை ஃபைலால் வாயை மூடிக்கொண்டு படித்தாள்.

“ஒரு வரி கேட்டன். கால் பக்கம் கொண்டாந்திருக்கீங்க.”

“ஒட்டுவியா மாட்டியாம்மா?”

“மேலதிகாரி இது விளம்பரம்தானேம்பாரு.”

“முன்ன ஒட்டுனது மட்டும் என்னவாம்?”

தெரசா பசையை எடுத்தாள். பழைய செய்தியின் மேல், நாலு மூலையும் நேராக, அழுத்தி ஒட்டினாள். சிவப்பு மைப் பேனாவைத் திறந்து எழுதினாள்: ‘பஸ் வரவில்லை. அதே நாளிதழ், பிந்தைய தேதி ஆதாரம் இணைப்பில். கோப்பு மீண்டும் திறக்கப்படுகிறது.’ மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தது.

அடுத்த மாதம் நாலாம் தேதி, காலை ஏழு மணி வண்டி என்று டிப்போவிலிருந்து சித்தேரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். ரிப்பன் இல்லை, பிரமுகர் இல்லை. முதல் நாள் சாயங்காலமே மதியழகன் போன் பண்ணினான்.

“அக்கா, நாளைக்கு உங்கூருக்கு பஸ்ஸு உறுதியாமே. ஆசிரியர் ‘சங்கநாதம் எதிரொலி’ன்னு முதல் பக்கத்துல பெட்டி ஒதுக்கி வச்சிருக்காரு. இப்பவே எழுதி அனுப்பிரட்டுமா? நீங்க என்னா சொன்னீங்கன்னு போடட்டும்?”

“நான் இன்னும் ஒன்னும் சொல்லலயேப்பா.”

“ஏதாச்சும் சொல்லுங்க அக்கா. எப்பிடியும் சொல்லப்போறதுதான?”

“காலையில ஏழு மணிக்கு வேங்கைமரத்து வளைவுல வந்து நில்லு. வந்தா சொல்றன்.”

“அங்க எப்பிடி அக்கா வர்றது? சித்தேரிக்கு மேல வண்டி எதுவும் இல்லையே.”

“நடந்து வா. ஆறு கிலோமீட்டர்தான். நாங்க அறுபது வருசமா நடக்கறோம்.”

அவன் நடந்தான். சட்டை நனைந்து, செருப்பு ஒன்று அறுந்து, ஆறே முக்காலுக்கு வளைவுக்கு வந்து சேர்ந்தான். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு அவன் முன்னதாகவே வந்தது அதுதான் முதல் தடவை. ஊரே நின்றது. சாமை மூட்டைகள், பலாப்பழங்கள், காய்ச்சலோடு போர்த்திய ஓர் ஆள், அந்த ஆடு. இந்த முறை யாரும் ஆரத்தித் தட்டு எடுத்து வரவில்லை. தீர்த்தகிரி ஒரு மூட்டையின்மேல் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஏழு மணி. ஏழே கால். மதியழகன் செல்போனை எடுத்தான். வைத்தான். எடுத்தான்.

ஏழரைக்குக் கீழே எங்கேயோ, மூன்று வளைவுக்கு அப்பால், ஒரு ஹாரன் கேட்டது. கூட்டம் முன்னால் நகர்ந்தது. மதியழகனின் விரல்கள் பாய்ந்தன. ‘கடுக்காப்பட்டுக்கு பஸ் வந்தது’ என்று அடித்து, அனுப்பப் போனான்.

குள்ளம்மாளின் கை செல்போன் திரையை மூடியது. சாமை குத்திக் காய்த்த கை. கீழே பாதையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“சத்தந்தான் வந்திருக்குது. வண்டி இன்னும் வரல. அதை உள்ள வை.”